வடக்குத் தலைமாடு

எந்த ஆசுப்பத்திரி என்று நான் சொல்லப் போவதில்லை. மட்டக்களப்பு வாவியைச் சுற்றி அந்தக் காலத்தில் சிறிதும் பெரிதுமாகச் சில இருந்தன, அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் நடுப்பகுதியில் நான் அங்கே பெண்கள் வாட்டில் நேர்சாக இருந்தேன். சனங்கள் எங்களை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதான பெண்கள் கொஞ்சம் உருகி ‘மிஸி மகள்’ என்பார்கள். அப்படிக் கூப்பிட்டால் அடுத்து வெந்நீர்ப் போத்தல் கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

வாட்டு நீளமான மண்டபம். வாவிப் பக்கம் வடக்குச் சுவர், முற்றத்துப் பக்கம் தெற்குச் சுவர். இரண்டு சுவரோரமும் கட்டில்கள், நடுவே நடைபாதை. கட்டிலின் தலைமாடு சுவரை முட்டி நிற்கும். ஆகவே ஒரு வரிசைப் பெண்கள் தெற்கே தலை வைத்துப் படுப்பார்கள், எதிர் வரிசைக்காரிகள் வடக்கே தலை வைக்க வேண்டும். கட்டடம் கட்டிய வெள்ளைக்காரனுக்கு இதில் ஒரு வில்லங்கமும் தெரிந்திருக்காது. எங்கள் சைவப் பெண்களுக்கு அது உயிர் போகிற விஷயம். வடக்கே தலை வைத்துப் படுத்தால் எழும்ப மாட்டோம் என்பது அவர்களுடைய பயம். காய்ச்சலில் கண் திறக்க முடியாமல் தூக்கிவரப்பட்டவள்கூடக் கட்டிலில் கிடத்தியதும் முதலில் கேட்பது வடக்கு எந்தப் பக்கம் என்றுதான். நான் வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பம். காற்று வருகிற பக்கம் என் தலை கிடக்கும். ஆனாலும் நோயாளியிடம் போய் உன் பயம் மூடப்பயம் என்று நியாயம் பேசுகிற ஆள் நான் இல்லை. நோயில் கிடக்கிற வருத்தக்காரிக்கு நித்திரை வர வேண்டும், அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஒரு பறங்கி அம்மா. பெரிய உடம்பு, சிவந்த முகம், எங்களைவிட நல்ல மட்டக்களப்புத் தமிழ். ஏசினால் வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக் கிழவிகளே வாய் பிளந்து கேட்பார்கள். புதிதாக வரும் ஒவ்வொருத்தியிடமும் அவர் தானே போய், பேர் என்ன, தலை எந்தப் பக்கம் என்று கேட்பார். வடக்கு வேண்டாம் என்றால் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டு ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பார். டிக்கற், அதாவது நோயாளியின் வருத்தமும் மருந்தும் எழுதிய அட்டை, கட்டில் கம்பியில் கயிற்றால் கட்டியிருக்கும். தலை எந்தப் பக்கமோ டிக்கற்றும் அந்தப் பக்கம். ஆள் வேறு கட்டிலுக்குப் போனால் கயிற்றை அவிழ்த்து டிக்கற்றும் கூடப் போகும். மருந்து கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் பேர் கேட்க வேண்டும். மாதக் கணக்காகக் கிடப்பவளிடமும் கேட்க வேண்டும். அவர்கள் சிரிப்பார்கள், நேற்றும் கேட்டீங்களே, என்ட பேர் ராவோட மாறிப் போச்சா என்பார்கள். கேட்காமல் கொடுத்ததைச் சிஸ்டர் கண்டால் எங்களுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

வாட்டைப் பார்க்க வடிவாக இருக்காது என்பது உண்மை. ஒருத்தியின் தலை சுவர்ப் பக்கம், பக்கத்தில் இருப்பவளின் கால் சுவர்ப் பக்கம், கருவாடு காயப் போட்ட மாதிரி. மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே நின்று, இது வாட்டா சந்தையா என்று கேட்டதாகச் சொல்வார்கள். பறங்கி அம்மா அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதற்கு எங்களிடம் பல கதைகள் இருந்தன. எதையும் இங்கே எழுத முடியாது. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகுதான் அந்தச் சந்தை என்ற சொல் வேலை செய்யத் தொடங்கியது.

புதிய சிஸ்டர் திருகோணமலைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அவரைப் பற்றி நான் பழி சொல்லப் போவதில்லை. புண்ணுக்கு மருந்து கட்டினால் நோயாளி முகம் சுளிக்காது, அப்படி ஒரு கை. சாகக் கிடப்பவர்களின் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒழுங்கு என்ற ஒன்றில் அவருக்கு ஒரு பித்து. வாட்டைப் பற்றி மேலிடத்தில் நல்ல பேர் எடுக்க வேண்டும் என்று ஆசுப்பத்திரி நேர்ஸ்மாருக்கெல்லாம் மேலே இருந்த மேற்றன் அவரிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்க வேண்டும். வந்த கொஞ்ச நாளிலேயே எல்லாத் தலையணையும் சுவர்ப் பக்கம் போயிற்று. போர்வை மடிப்பு எல்லாம் ஒரே நேர். சுவரில் ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு பலகை அடித்து, வெள்ளைப் பெயின்றில் நம்பர் எழுதி, டிக்கற்றை அந்தப் பலகையில் கொளுவச் சொன்னார். கம்பியில் கயிறு தொங்குவது அசிங்கமாம். ஒரே பேரில் நாலைந்து பேர் எப்போதும் கிடப்பார்கள், அதனால் குழப்பம் வருகிறது, இனி நம்பரைச் சொல்லியே வேலை நடக்கட்டும் என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. வாசலில் நின்று பார்த்தால் வாட்டு படம் பிடித்து வைத்தது போல இருந்தது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கு வரிசைப் பெண்கள் நித்திரை கொள்ளாமல் எழும்பிக் குந்திக்கொண்டிருக்கிறார்கள், தலையணையையாவது திருப்பிப் போட விடுங்கள் என்று நான் ஒருநாள் போய்ச் சொன்னேன். சிஸ்டர் கோபப்படவில்லை. ‘வருத்தத்துக்கு வடக்கும் தெரியாது, தெற்கும் தெரியாது பிள்ளை’ என்றார். கட்டில் மாறிப் படுக்கவும் கூடாது, மாறினால் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அன்றைக்கே எல்லாருக்கும் அறிவித்தும் விட்டார். சொன்னால் செய்கிற ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்திய மாதம் எங்களில் ஒரு நேர்ஸ் இருமல் மருந்தை ஆள் மாறிக் கொடுத்துவிட்டுத் தானாகவே போய்ச் சொன்னாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டொக்டர் சுற்றி வந்து முடியும் வரை சிஸ்டர் அவளை வாட்டு நடுவில் நிற்க வைத்தார், நோயாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. அதற்குப் பிறகு அந்த வாட்டில் யாரும் தாமாகப் போய் எதையும் சொல்லவில்லை. பிழைகள் நின்றுவிட்டன என்று சிஸ்டர் நினைத்தார். சொல்லுவதுதான் நின்றது.

தடை போட்டதும் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஒளித்து மாறினார்கள். பின்னேரம் பார்க்க வந்தவர்கள் போய், சிஸ்டரும் வீட்டுக்குப் போன பிறகு வாட்டில் ஒரு குடிபெயர்ச்சி நடக்கும். தெற்கு வரிசையில் கிடக்கும் சோனக, அதாவது முஸ்லிம், பெண்களும் வேதக்காரப் பெண்களும் எழும்பி வடக்கு வரிசைக்கு வருவார்கள், சைவப் பெண்கள் அங்கே போவார்கள். வாட்டு ஆயா நடுவில் நின்று சந்தியில் பொலிஸ்காரன் மாதிரி கை காட்டுவா. விடிய, சிஸ்டர் வர முதல், எல்லாரும் அவரவர் நம்பருக்குக் கீழே வந்து போர்வையை இழுத்து நேராக்கி நல்ல பிள்ளைகளாகப் படுத்துவிடுவார்கள். ஒருவருக்கும் சண்டையில்லை, கேட்டு வாங்கவும் இல்லை. வருத்தம் கூடியவள் யார் என்று பார்த்து அவளுக்கு முதலில் விட்டுக்கொடுப்பார்கள். வீட்டு வேலிக்கு அடிபடுகிற சனம், கட்டில் என்று வந்தபோது இப்படி இருந்தது. எங்களுக்கும் தெரியும், ஆயாமாருக்கும் தெரியும், பாண் கொண்டுவருகிற ஆளுக்கும் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். வழக்கமாக அங்கே வேலை செய்கிறவர்கள் முகத்தைப் பார்த்து மருந்து கொடுப்போம், அதனால் ஒன்றும் பிழைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நம்பரில் கிடந்தவர் ஏறாவூரிலிருந்து வந்த ஒரு சோனகப் பெண். வாட்டு முழுக்க அவருக்கு ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் பேர். மெலிந்த உடம்பு, சீனி வருத்தம் முற்றிப்போய்க் காலில் ஆறாத புண். காலையிலும் பின்னேரமும் சாப்பாட்டுக்கு முதல் இன்சுலின் ஊசி. அது இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று டொக்டர் அவருடைய மகனுக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார். வந்த புதிதில் ஊசியைக் கண்டால் அழுவார். நாங்கள் நயந்து பயந்து பழக்கினோம். பிறகு நேரம் வந்ததும் தானே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘அல்லா என்ட ஆயுசை இந்தப் போத்தலுக்குள்ள வெச்சிரிக்கான் மிஸி, சிந்தாமப் போடுங்க’ என்பார். எனக்கு அவரில் ஒரு தனி வாரப்பாடு. ஒரு நோயாளி ஊசியை நம்பத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

எதிரே ஐந்தாம் நம்பருக்கு வந்தவள் வவுணதீவுப் பக்கத்து இளம் பெண். நெல் வெட்டுக் காலத்தில் வயல் வட்டையில் பனியில் நின்று வேலை செய்து சளிக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியிருந்தது. பாதை என்று நாங்கள் சொல்லும் தட்டைப் படகில் வாவியைக் கடந்து புருசன் கூட்டிக்கொண்டு வந்தான். காலையில் ஒரு பென்சிலின் ஊசி, மற்றபடி குளிசையும் மருந்துத் தண்ணியும். ஐந்தாம் நம்பர் வடக்கு வரிசை. முதல் இரவு முழுக்க அவள் படுக்கவேயில்லை, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருமியபடி குந்திக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் பின்னேரம் ராத்தா நொண்டிக்கொண்டு போய் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து தன் கட்டிலில் கிடத்திவிட்டுப் போர்வையும் போட்டுவிட்டார். அன்றைக்குத்தான் அவளுக்கு நித்திரை வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான். ராத்தாவுக்குப் பெண் பிள்ளைகள் இல்லை. அவளுடைய தலையைப் பின்னிவிடுவதும், மகன் கொண்டுவரும் சோற்றில் ஒரு பங்கு வைப்பதுமாக இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். காய்ச்சலும் மெல்லக் குறைந்து வந்தது. இன்னும் சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மேலிடத்துப் பெரியவர் திரும்பவும் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. அதற்கு முதல் நாள் பின்னேர வேலை எனக்கும் இன்னொரு நேர்சுக்கும். மேற்றன் எங்கள் இரண்டு பேரையும் துணி அறைக்கு அனுப்பினார், யன்னல் சீலைகளுக்கும் கட்டில் விரிப்புகளுக்கும் கஞ்சி போட்டு அயர்ன் பண்ண. நோயாளிகளைப் பார்க்கப் படித்த எங்களைச் சீலை மினுக்க விட்டார்கள், இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வாட்டில் நிற்பதற்குப் பிள்ளைப்பேறு வாட்டிலிருந்து ஒரு சின்ன நேர்சைக் கடன் வாங்கினார்கள். வேலைக்கு வந்து அதிக காலமாகாத பிள்ளை. எங்கள் வாட்டில் ஒரு முகமும் அவளுக்குத் தெரியாது. யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, சுவரில் நம்பர் இருக்கிறது, டிக்கற் இருக்கிறது, பார்த்துக் கொடு என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் வழியில் அவளைக் கண்டபோது இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மேற்றன் கூப்பிட்டுவிட்டார்.

அன்று பெண்கள் நேரத்தோடு இடம் மாறிவிட்டார்கள். சிஸ்டரும் துணி அறையில் எங்களோடு நின்றதால் வாட்டில் பயமில்லை. பொழுது பட்டதும் ராத்தா மஃரிபு தொழுகைக்குக் கை கால் கழுவி வுளு எடுக்கப் பின் விறாந்தைத் தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருந்தார். சின்ன நேர்ஸ் ஊசித் தட்டோடு பதினாறாம் நம்பருக்குக் கீழே வந்து நின்றாள். அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள், கேட்டாள். ஆனால் அந்த வாட்டில் பழக்கிய மாதிரி, நீங்கதானே பதினாறு என்று கேட்டாள். கட்டிலில் கிடந்த வவுணதீவுப் பெண் ‘ஓம்’ என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைப் பக்கத்துக் கட்டில் அம்மா பிறகு எங்களிடம் அழுது அழுது சொன்னார். நேர்ஸ் ஊசி போட்டுவிட்டு அப்பால் போனதும் அந்த அம்மா அவளிடம், உனக்கு இப்ப ஊசி இல்லையே பிள்ளை என்று கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டு, நான் பதினாறு இல்லை எண்டு சொன்னா ராத்தாவையெல்லோ பிடிச்சு வீட்டுக்கு அனுப்புவாங்க, காலையில போடுறதைத்தான் பின்னேரமும் போட்டிருப்பாங்க, ஊசி எல்லாம் ஒண்டுதானே என்றாளாம். ராத்தாவின் கால் புண் ஆறுவதற்குள் அவரை வெளியே அனுப்பிவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய யோசனை. தனக்கு விட்டுக்கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இன்சுலின், சீனி வருத்தம் உள்ளவருக்கு மருந்து. இல்லாதவருக்கு, அதுவும் காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பவளுக்கு, அது இரத்தத்தில் இருக்கிற சீனியை எல்லாம் வழித்து எடுத்துவிடும். ஆள் வேர்த்துக் குளிர்ந்து மயங்கும். அந்த நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் எழும்பிவிடுவாள். ஆனால் நெஞ்சுச் சளிக் காய்ச்சல்காரி வேர்த்தால் நாங்கள் என்ன நினைப்போம்? காய்ச்சல் விடுகிறது என்று சந்தோசப்படுவோம். இரவு வேலைக்கு வந்த நேர்சும் அப்படித்தான் சந்தோசப்பட்டாள். அவளுக்கு அன்று இரண்டு வாட்டுப் பொறுப்பு. வேர்வையைத் துடைத்து, உடுப்பை மாற்றி, நல்லாக நித்திரை கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள். ராத்தா அவளை மறித்து, என்ட ஊசி இன்னும் வரல்லையே என்று கேட்டிருக்கிறார். நேர்ஸ் பதினாறாம் பலகையில் டிக்கற்றைப் பார்த்துவிட்டு, போட்டாச்சு என்று சொன்னாள். இல்லை என்று அழுத்திச் சொல்ல ராத்தாவுக்குப் பயம். சொன்னால் கட்டில் மாறியது தெரிந்துவிடும், அந்தப் பெண்ணையும் அனுப்பிவிடுவார்கள். ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றுவதாக நினைத்து இரண்டு பேரும் வாய் மூடினார்கள்.

காலையில் நான் வாட்டுக்குள் வந்தபோது பெண்கள் வழக்கம்போல இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். ராத்தா பதினாறாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவளுடைய தோளைப் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தார்.

“எழும்புங்க புள்ள. சிஸ்டர் வரப்போறா, எழும்பி அங்கால போங்க.”

அவள் எழும்பவில்லை. நான் கிட்டப் போய்க் கையைத் தொட்டேன், வாவித் தண்ணீர் மாதிரிச் சில்லிட்டிருந்தது. கண் இமையைத் திறந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, காய்ச்சல் நல்லாக விட்டது என்று இரவு நேர்ஸ் இப்போதுதானே சொல்லிவிட்டுப் போனாள். அப்போது ராத்தா என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, அதுவரை காத்த பயத்தை எல்லாம் விட்டுவிட்டுச் சொன்னார்.

“நேத்துப் பின்னேரம் எனக்கு ஊசி போடல்ல மிஸி. நான் குழாயடிக்குப் போன. இந்தப் புள்ளதான் இதுல கிடந்த.”

அதற்குப் பிறகு ஓடாத ஓட்டம் இல்லை. டொக்டர் கட்டியிருந்த சாரத்தோடு குவார்ட்டர்ஸிலிருந்து ஓடிவந்தார். குளுக்கோஸ் நரம்பில் ஏற்றினோம், கால் கை தேய்த்தோம், சிஸ்டர் தன் வெள்ளை உடுப்போடு நிலத்தில் முழங்காலில் நின்று அவளுடைய பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த வாட்டில் பேர் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டு எத்தனையோ காலம். ஒருமுறை கண் இமை அசைந்தது போல இருந்தது. மத்தியானத்துக்கு முன் முடிந்துவிட்டது. கட்டிலைச் சுற்றித் திரை மறைப்பு வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மேலிடத்துப் பெரியவர் வந்து, கஞ்சி போட்ட சீலைகளையும் நேர் வரிசையையும் பார்த்து, இப்போது இது வாட்டு என்று மேற்றனிடம் சொல்லிவிட்டுப் போனார். திரைக்குப் பின்னால் நான் அவளுடைய தலைமயிரை ஒழுங்காக்கிக்கொண்டிருந்தேன். ராத்தா முதல் நாள் பின்னிய பின்னல் அது. எழும்பிப் போய் அந்த மனிசனிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும் போல எனக்கு வந்தது. கேட்டு என்ன, அவள் எழும்பவா போகிறாள். புருசன் வந்தான். காய்ச்சல் திடீரென்று கடுமையாகிவிட்டது என்று மேற்றன் அவனுக்குச் சொன்னார். அவன் கும்பிட்டுவிட்டு அவளை வாவிக்கு அப்பால் கொண்டுபோனான்.

விசாரணை நடந்தது. சின்ன நேர்சிடம் கேட்டார்கள், ஊசி போட்டது நீயா, ஆம், பேர் கேட்டாயா, இல்லை. அதோடு முடிந்தது. நம்பரை வைத்து வேலை செய்யச் சொன்னது யார், டிக்கற் ஏன் ஆளோடு போகவில்லை, அந்த வாட்டு நேர்ஸ்மார் அன்று எங்கே நின்றார்கள் என்று ஒரு கேள்வியும் இல்லை. நான் துணி அறைக் கதையைச் சொல்லத் தொடங்கியபோது, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்கள். அந்தப் பிள்ளையைத் தூர ஒரு ஆசுப்பத்திரிக்கு மாற்றினார்கள். அவள் அங்கே போகவேயில்லை, வேலையை விட்டுவிட்டாள். நல்ல கை அவளுக்கு. கேட்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டோடு போய்விட்டாள்.

சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, அவர்கள் கட்டில் மாறுவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் சொன்னேன், எல்லாருக்கும் தெரியும் சிஸ்டர், உங்களுக்குத் தவிர. ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டார். வாட்டு நடுவில் நிற்க வைக்கப்பட்டவளும் எங்களோடுதான் நின்றாள். சிஸ்டர் அவளைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். அடுத்த கிழமை பலகைகளைக் கழற்ற வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார், இப்போதுதானே அடித்தது என்று மேலே சொல்லிவிட்டார்கள். அவர் விடவில்லை. புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரில் பேரை எழுதி ஒவ்வொரு நோயாளியின் மணிக்கட்டிலும் தானே ஒட்டினார். தலை எந்தப் பக்கம் என்றும் கேட்கத் தொடங்கினார். எத்தனை சுலபம், ஒரு விரல் நீளப் பிளாஸ்டர். அதற்கு ஒருத்தி சாக வேண்டியிருந்தது.

இவ்வளவிலும் ராத்தாவை யாரும் நினைக்கவில்லை. விசாரணைக்காரர்கள் அவரிடம் கட்டில் மாறியது உண்மையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் பதினாறாம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஊசிக்குக் கையைக் கேட்டால் நாங்கள்தான் தூக்க வேண்டும். மரத்துப்போன கை மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் மகனைக் கூப்பிட்டு, சொல்லுக் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். ஊர் மருந்துச்சாலைக்குப் போய்த் தினம் ஊசி போட வேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் அந்த மகன் வாட்டு வாசலில் வந்து நின்றான். ஊசிக்குப் பதிலாகக் குளிசை ஏதும் இருக்கிறதா என்று கேட்டான். உம்மா ஒரு நாளும் மருந்துச்சாலைக்குப் போகவில்லையாம், மருந்துக்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்தாலும் கையை மடித்துச் சீலைக்குள் வைத்துக்கொள்கிறாராம். டொக்டரிடம் சொன்னேன். பிடிவாதக்காரிக்கு நான் என்ன செய்ய என்றார். எனக்கு லீவு கிடைத்ததும் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனேன்.

பாயில் படுத்திருந்தார். உள்ளே வரும்போதே கால் புண்ணின் வாடை வந்தது, பார்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது. என்னைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்து, மருமகளிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். நான் பேசாத பேச்சில்லை. உங்களில் ஒரு பிழையும் இல்லை, பலகையை அடித்தவர்கள் பிழை, எங்களைச் சீலை மினுக்க அனுப்பியவர்கள் பிழை, நீங்கள் அந்தப் பிள்ளைக்கு நித்திரை கொடுத்தீர்கள், அது பாவமா என்று கேட்டேன். கோபத்தில் குரல்கூட உயர்ந்துவிட்டது. அவர் குழந்தை சொல்வதைக் கேட்பது போல எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“அவ ஓம் எண்டு சொன்ன எனக்காகத்தானே மிஸி. எனக்கு வந்த ஊசியை வாங்கிக்கிட்டுப் போயிட்டா. மறுகா நான் எந்த முகத்தோட கையை நீட்டுற?”

பெட்டியைத் திறக்காமலே திரும்பி வந்தேன். பிறகும் போனேன், பிறகும் அப்படித்தான். மாரி மழை தொடங்க முதல் அவர் மௌத்தாகிவிட்டார் என்று மகன் வந்து சொல்லிவிட்டுப் போனான். சாவுக்குக் காரணம் சீனி வருத்தம் என்று எழுதியிருப்பார்கள். அது எங்கள் வாட்டில் நடந்ததோடு சேர்ந்தது என்று யாரும் எண்ணவில்லை.

நான் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் புதிதாக வந்த ஒருத்தியின் கையில் பேர் ஒட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, அவர் ஏன் ஊசி வேண்டாம் என்றார் என்று கேட்டார். ராத்தா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். சிஸ்டர் திரும்பி வாட்டுக்குள்ளே பதினாறாம் கட்டிலைப் பார்த்தார்.

“அவ இங்கதானே கிடந்தா” என்றார். “விசாரணை முடியிற வரைக்கும் என்ட வாட்டிலதானே கிடந்தா. நான் அவவைக் கடந்துதானே ஒவ்வொரு நாளும் போனன்.”